நாலு விரல் பட்டை

ஜனவரி 9

அன்பு அத்தைக்கும் மாமாவுக்கும்,

பட்டாணி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, ஆகவே உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. மாமாவின் தையல் மெஷின் சத்தம் இல்லாமல்தான் முதல் இரண்டு இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த மரக்கன்றுப் பண்ணையில் என் அறைக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கருப்புப் பைகளில் மரக்கன்றுகள். இங்கே போன் டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கினால்தான் பேச முடியும். முதல் வருஷம் லீவு கேட்டால் வேலை நிரந்தரம் ஆகாது என்று நான் வந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்று நான் கொண்டுவந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டேனே, பெயர் தெரியாததால் நீங்கள் ‘விருந்தாளி’ என்று கூப்பிடுவீர்களே, அந்த மரம்தான் இங்கே வரிசையாக நிற்கிறது. ஆப்பிரிக்க மகோகனி. பார்த்ததும் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கதவு, கட்டில் செய்ய உயர்ந்த மரமாம். அதன் சொந்த ஊரில் பட்டையைக் கொதிக்கவைத்துக் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் குடிப்பார்களாம். கசப்பு நாக்கைப் பிடுங்குமாம்.

இந்தக் கடிதத்தோடு கொஞ்சம் விதை வைத்திருக்கிறேன். அப்பளத்துண்டு மாதிரி தட்டையாக இருக்கும். படுக்கவைத்து, மேலே லேசாக மண் தூவி, நிழலில் வையுங்கள். உடனே விதைக்க வேண்டும்.

உங்கள் பட்டாணி

ஜனவரி 24

என் தங்கமே, பட்டாணிக்கு அத்தை எழுதறது. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீ அங்க நல்லா இருக்கணும்னு காலையிலயும் சாயங்காலமும் சாமிகிட்ட ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கேன். அவருக்கு ஆயிரம் ஜோலி, நாமதான் ஞாபகப்படுத்தணும்.

பாடப்புத்தகம் மாதிரி எழுதறியே. மாமா ரெண்டு தடவை படிச்சுட்டு, “நூத்துக்கு எவ்வளவு போடலாம்?”னு கேக்கறார். நான் முழுசா போட்டுட்டேன்.

நம்ம விருந்தாளிக்குப் பேர் கிடைச்சிடுச்சு. அவ்வளவு தூரத்துக்காரனா அவன்? நான் போய் மரத்தைத் தொட்டு, “இத்தனை வருஷமா யாருன்னு கேக்காமலே வீட்டுல வச்சிருந்தேன், மன்னிச்சுக்கோ”னு சொன்னேன். மாடி வீட்டு டீச்சர் மேல இருந்து பார்த்து சிரிக்கறா. சிரிக்கட்டும்.

இப்ப சொல்றதைக் கேளு. நீ கிளம்பினதுல இருந்து மாமாவுக்கு சாயங்காலம் ஆனா லேசா உடம்பு காயுது. ஒண்ணும் பெருசா இல்ல. மாத்திரை போட்டா விடுது, மறுநாள் திரும்ப வருது. நான் சாமி அலமாரி முன்னால உக்காந்து, “ஒரு வழி காட்டுப்பா”னு கேட்டுட்டு எழுந்திரிக்கறேன், வாசல்ல தபால்காரர் உன் கடிதத்தோட நிக்கறார். உள்ள பட்டை, கஷாயம், காய்ச்சல்னு எழுதியிருக்கு. இதுக்கு மேல சாமி வேற எப்படிப் பேசுவார், சொல்லு.

உள்ளங்கை அளவு உரிச்சு, கழுவி, கொதிக்க வச்சுக் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு மாமா சொல்றார், “இதைக் குடிச்சா காய்ச்சல் மட்டும் இல்லடி, நானும் வீட்டை விட்டு ஓடிடுவேன்.” ஆனா அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினார். உனக்கும் நன்றி, மரத்துக்கும் நன்றி, தபால்காரருக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாச்சு.

விதையை சாமி அலமாரியில வச்சிருக்கேன். நல்ல நாள் பார்த்துத்தான் மண்ணுல போடணும். போன் தண்ணி வாளியில விழுந்திடுச்சு. அதனால என்ன, கடிதம் எழுதினா மனசு விட்டு எழுதலாம்.

வேளைக்குச் சாப்பிடு.
அத்தை

பிப்ரவரி 10

அன்பு அத்தைக்கு,

நான் நலம். மண் சுமந்து கைகள் மட்டும் காய்த்துவிட்டன.

விதையை நாள் பார்த்து வைக்காதீர்கள். இந்த விதைக்குப் பொறுமை கிடையாது. சில வாரத்தில் உயிர் போய்விடும்.

கஷாயத்தை இத்தோடு நிறுத்திவிடுங்கள். நான் கேள்விப்பட்டதை எழுதினேன், வைத்தியம் சொல்லவில்லை. அதிகமாகக் குடித்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்கிறார்கள். தினமும் சாயங்காலம் காய்ச்சல் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து பார்க்கிறேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்கிறது.

பட்டாணி

மார்ச் 2

என் ராசாத்திக்கு அத்தை ஆசீர்வாதம். நாங்க சுகம், நீயும் சுகமா இருக்கணும், கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக்கோ.

மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கார். டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னேன், “கல்லுக்கு எதுக்குடி டாக்டர்?”னு அவரே சொல்லிட்டார். இப்ப கொஞ்ச நாளா துணி வெட்டறதோட சரி, தைக்கறதை எதிர்க்கடைக்காரன்கிட்ட கொடுத்துடறார். கண்ணு அசந்து போகுதாம். வயசாகுதில்ல.

விதை விஷயத்துல நீ ஜெயிச்சுட்டே. நல்ல நாள் பார்த்து, குளிச்சு, கும்பிட்டு, தொட்டியில படுக்க வச்சேன். ஒண்ணு கூட எழுந்திரிக்கல. தோண்டிப் பார்த்தா உள்ள தூளா இருக்கு. டீச்சர், “சாமிகிட்ட வச்சா சாமியே எடுத்துக்கிட்டார் போலிருக்கு”ங்கறா. நாக்குல முள்ளு அவளுக்கு. ஆனா வயித்துவலினா முதல்ல ஓடி வர்றதும் அவதான்.

பட்டை இப்ப தெருவுக்கே ஆகுது. அதான் கொஞ்சம் அடிக்கடி உரிக்க வேண்டியிருக்கு. நீ பயப்படாதே, மரம் நோகாம எடுக்கறேன். ஒரு தடவை எடுத்த இடத்துல திரும்பக் கை வைக்கறதே இல்ல. என் நெஞ்சு உயரத்துல, ஒரு கை அகலம், அதுக்குப் பக்கத்துல அடுத்த கை அகலம்னு வலமாவே நகர்ந்து வர்றேன். கோயிலைச் சுத்தற மாதிரி. சுத்தி முடிக்கறப்ப எல்லாம் சரியாயிடும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். உரிச்ச இடத்துல மஞ்சள் பூசி ஒரு கும்பிடு. கொடுக்கறவனைக் கும்பிடாம எடுக்கலாமா?

எல்லாம் சரியாயிடும்னு எழுதினது தெருவுல இருக்கறவங்களுக்கு.

போன் இன்னும் ரிப்பேர்தான்.
அத்தை

மார்ச் 20

அன்பு அத்தைக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தைத்தான் நாலு முறை படித்தேன்.

புது விதை அனுப்புகிறேன். தபால் வந்த அன்றே விதையுங்கள். ராகுகாலமாக இருந்தாலும் சரி. முளைத்தபின் கொஞ்ச நாள் வெயில் நேராகப் படக் கூடாது. தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது.

தெருவில் யார் யாருக்குக் காய்ச்சல்? டீச்சருக்கு வயிற்றுவலி என்று எழுதினீர்கள். மற்றவர்களை எழுதவில்லையே. மாமாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பட்டாணி

ஏப்ரல் 18

பட்டாணிக் கண்ணுக்கு, உன் அத்தை. கடவுள் புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், மாமா நல்லா இருக்கார்.

எழுந்தாச்சுடி! விதைச்சது முக்கால்வாசி முளைச்சாச்சு. தபால்காரர் சைக்கிளைத் திருப்பறதுக்குள்ள நான் மண்ணைக் கிளறிட்டேன். தலையைத் தூக்கிப் பார்க்கறப்ப ஒவ்வொண்ணும் உனக்குப் பல்லு முளைச்சப்ப நீ சிரிச்ச மாதிரியே இருக்கு. டீச்சருக்கு ஒண்ணு தர்றேன்னு சொல்லியிருக்கேன். அவ முகத்துல முதல் தடவையா மரியாதையைப் பார்த்தேன்.

மாமா எழுதணும்னுதான் இருந்தார். கை கொஞ்சம் நடுங்குது, அடுத்த தடவை எழுதறேன்னார். மெஷினுக்கு நல்ல துணியா ஒண்ணு போட்டு மூடி வச்சிருக்கேன், தூசி படாம இருக்கும். அவரோட நாலு சட்டையையும் ரெண்டு பக்கமும் பிடிச்சு நானே கையால தைச்சேன். தொளதொளன்னு இருந்துச்சு. அவருக்குத் தைக்கத் தெரியாதுன்னா பரவாயில்ல, ஊருக்கே தைச்சுப் போட்டவருக்கு நான் தைச்சுக் கொடுக்கறேன். சிரிப்பா இல்ல? மெலிஞ்சா இளமையா தெரியறார். மாமா நல்லாத்தான் இருக்கார்.

ஒரு அதிசயம் சொல்லணும். கல்யாணம் ஆனதுல இருந்து சாமி அலமாரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், போன வாரம் மெதுவா எழுந்து பின்பக்கம் போனார். ரொம்ப நேரமா காணோமேன்னு போய்ப் பார்க்கறேன், விருந்தாளி மேல நீளமா ஒரு சிவப்புத் துணியைச் சாத்தி, மேலயும் கீழயும் கயித்தால கட்டிட்டு, கல்லு மேல உக்காந்து மூச்சு வாங்கறார். ஓரம் எல்லாம் மடிச்சுத் தைச்ச துணி. கண்ணு நிறைஞ்சு போச்சு. வேண்டுதலைக் கேட்டா பலிக்காதுன்னு திரும்பி வந்துட்டேன். அந்தத் துணி இருக்கற இடத்தைத் தொடறதில்ல. அது சாமி இடம். மத்த இடம் ஏறக்குறைய சுத்தி வந்தாச்சு, இனிமே கொஞ்சம் கீழ இறங்கி ரெண்டாவது சுத்து ஆரம்பிக்கணும்.

மரத்துல உச்சி இலை கொஞ்சம் கொட்டுது. வெயில் காலம்தானே.

உன் சமையலை நீயே குறை சொல்லாம சாப்பிடு.
அத்தை

ஏப்ரல் 27

அத்தை,

இதற்குப் பதில் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிட்டாலும் வந்துவிடுவேன்.

நீங்கள் உரித்த பட்டையை உங்கள் கை அகலத்தால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீச்சரின் வயிற்றுவலிக்கு ஒரு மரத்தைச் சுற்றிவர வேண்டாம். ஒரே ஆள் தினமும் குடித்தால்தான் அவ்வளவு ஆகும். அந்த ஆளின் சட்டையை நீங்கள் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள்.

மரத்தில் இனி கை வைக்காதீர்கள். இலை செய்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்று மூடிவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துப்போகும். மரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாமாவை உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டுவிட்டேன். என்ன சொன்னார் என்பதை நேரில் சொல்கிறேன்.

பட்டாணி

ஜூன் 3

என் குலதெய்வமே, பட்டாணிக்கு அத்தை எழுதறது. நீ நல்லபடியா போய்ச் சேர்ந்த கடிதம் வந்துச்சு. இனிமே உன்கிட்ட ‘எல்லாரும் சுகம்’னு எழுதமாட்டேன். உள்ளதை எழுதறேன். மாமாவுக்கு இருமல் பாதி குறைஞ்சிருக்கு. காய்ச்சல் இல்ல. காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு மூணாவதைக் கேட்டார். நான் அடுப்படிக்குள்ள போய் அழுதுட்டு அப்புறம்தான் கொண்டுவந்து வச்சேன்.

அன்னைக்கு நீ பையோட வாசல்ல நின்னப்ப மாமா கேட்டாரே, “யாருடி அது, ஆப்பிரிக்காவுல இருந்தா?”ன்னு. அந்த நிலைமையிலயும் வாய் அடங்கல. நீ பையைக்கூட இறக்காம ஆட்டோவைக் கூப்பிட்டே. எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு அந்த டாக்டரம்மா, “டிபி. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா என்கிட்ட கொண்டு வந்திருக்கவே வேண்டாம்”னாங்களே. அப்புறம் அவங்களே, “ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா முழுசா சரியாயிடும், அம்மா”னு என் தோளைத் தொட்டுச் சொன்னாங்க. அந்தக் கை நல்லா இருக்கணும். தினமும் அவங்களுக்கு ஒரு கும்பிடு தனியா போடறேன். என்னையும் சோதிச்சுப் பார்த்ததுல ஒண்ணும் இல்லைனு நேத்துதான் சொன்னாங்க.

அவர்தான் எழுத வேண்டாம்னார். “பிள்ளை வேலையை விட்டுட்டு ஓடி வந்திடும், அதுக்குன்னு ஒரு வேலை இப்பதான் அமைஞ்சிருக்கு”ன்னார். எனக்கும் அதே பயம். போன் வாளியில விழல. நீ கூப்பிட்டா இருமல் சத்தம் உனக்குக் கேட்டுடும்னு அணைச்சு தலையணை உறைக்குள்ள வச்சிருந்தேன். நீ படுக்கப் போய் தலையை வச்சதும் இடிச்சுதே, அப்ப நீ பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

உன் சூப்பர்வைசர் சோதனைக் காலத்தை இன்னும் ஆறு மாசம் நீட்டிட்டாராமே. வேலையை விட்டு அனுப்பாம இருந்தாரே, அதுக்கே அவர் பேர்ல ஒரு விளக்கு ஏத்தினேன். பேர் தெரியாததால ‘பட்டாணியோட சூப்பர்வைசர்’னே சாமிகிட்ட சொன்னேன். அவருக்குப் புரியும்.

கிளம்பற அன்னைக்கு நீ மரத்துக்கிட்ட போனியே. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உரிச்ச இடத்துல விரலை வச்சு சுத்தி வந்தே. சிவப்புத் துணிகிட்ட வந்து நின்னே. என் கையில கரண்டி அப்படியே நின்னு போச்சு. நீ துணியை அவிழ்த்தே. உள்ள நாலு விரல் அகலத்துக்கு, மேல இருந்து கீழ வரைக்கும் பட்டை அப்படியே இருந்துச்சு. நீ நெத்தியை அதுல சாய்ச்சுக்கிட்டு நின்னே. நான் வரல. அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ளது.

அந்தத் துணியை ஏன் கட்டினார்னு இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேங்கறார். வேண்டுதலானு கேட்டா, “ம்”ங்கறார். அவரோட ‘ம்’முக்கு அகராதி இல்ல.

மாத்திரையை நான் சாமி அலமாரியில வைக்கல. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன்.
அத்தை

ஆகஸ்ட் 14

அன்பு அத்தைக்கும் மாமாவுக்கும்,

நலம். மழை பிடித்துக்கொண்டது, செருப்பில் சேறு காய்வதே இல்லை.

மரத்தில் அந்த நாலு விரல் பாதை போதும். உரித்த இடத்தில் இரண்டு ஓரமும் உதடு மாதிரி தடித்து உள்ளே உருண்டு வரும். அதுதான் புதுப் பட்டை. சேர்ந்து மூட வருஷங்கள் ஆகும். மஞ்சள் பூசவோ கயிறு கட்டவோ வேண்டாம். தூரத்தில் இருந்தே கும்பிடுங்கள், அதற்குக் கேட்கும்.

கன்றுகளின் குருத்தைப் பாருங்கள். நுனி கருகித் தொங்கினால் உள்ளே புழு துளைத்திருக்கிறது. இரக்கப்படாமல் அதற்குக் கீழே வெட்டிவிடுங்கள், பக்கத்தில் புதுக் குருத்து வரும். எல்லாக் கன்றையும் ஒரே இடத்தில் நடாமல் மற்ற மரங்களுக்கு நடுவில் பிரித்து நடுங்கள்.

மாமா, நீங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்று மூடினால் மரம் செத்துப்போகும் என்று நான் எழுதுவதற்கு முன்பே அந்தத் துணியைக் கட்டிவிட்டீர்கள். உங்களுக்கு யார் சொன்னார்கள்?

பட்டாணி

நவம்பர் 22

என் உயிரே, பட்டாணி, அத்தை எழுதறேன். இன்னைக்கு நிஜமாவே எல்லாரும் சுகம். உள்ளதைத்தான் எழுதறேன்னு சத்தியம் பண்ணிட்டு எழுதறேன்.

நேத்து டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க. சளியில ஒண்ணும் இல்ல, எக்ஸ்ரே சுத்தம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “என்னை எதுக்கு, ஒரு நாள் விடாம கொடுத்த உங்களைக் கும்பிடணும்”னாங்க. மாமா நடுவுல புகுந்து, “விழுங்கினது நான்”ங்கறார். அந்த அறையே சிரிச்சுது.

யார் யாருக்குன்னு நன்றி சொல்றது. டாக்டரம்மாவுக்கு, உனக்கு, உன்னை ஏத்திக்கிட்டு வந்த பஸ்ஸுக்கு, சூப்பர்வைசருக்கு. டீச்சருக்கும்தான். ஆறு மாசமா, “என்ன, கல்லு மாத்திரை சாப்பிட்டுதா?”னு தினமும் மாடியில இருந்து கேட்டவ அவதான். சாமிகிட்டயும் சொல்லிட்டேன், “நீ காட்டின வழியை நான்தான் தப்பாப் படிச்சுட்டேன், நீ பட்டாணியைக் காட்டியிருக்கே, நான் பட்டையைப் பிடிச்சுக்கிட்டேன்”னு.

விருந்தாளி புதுத் தளிர் விட்டிருக்கான். ஓரம் நீ சொன்ன மாதிரியே உதடு உருண்டு வருது. கன்னுல ஒண்ணுக்கு நுனி கருகிச்சு, கண்ணை மூடிக்கிட்டு வெட்டினேன். இப்ப அதுதான் எல்லாத்தையும் விட உயரம்.

கீழ இருக்கற இடம் மாமாவுக்கு. கேட்டு வாங்கிட்டார்.
அத்தை

பட்டாணி,

உன் அத்தை காகிதத்துல இடம் விடவே மாட்டா. இந்தக் கொஞ்சத்துக்கே சண்டை போட வேண்டியிருந்தது.

எனக்கு யாரும் சொல்லல. மரத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ உரிச்சுக்கிட்டே சுத்தி வந்தா. வேண்டாம்னு சொல்ல மனசு வரல, அவளுக்கு அப்ப பிடிச்சுக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. ஆனா சுத்திலும் வெட்டிட்டா எதுவா இருந்தாலும் மேல் துண்டு வேற, கீழ் துண்டு வேறதானே. சிவப்புத் துணி கட்டினா அவ தொடமாட்டானு தெரியும்.

நான் யாருக்குத் தைச்சாலும் உள்ள கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பேன். பின்னாடி பிரிச்சு விட வேண்டி வரும்.

அத்தை பிடிச்சுத் தைச்ச நாலு சட்டையையும் இன்னைக்குப் பிரிச்சு விட்டேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டாச்சு. உன் அளவை எழுதி அனுப்பு. நீ இளைச்சுட்டேனு அத்தை புலம்பறா. உள்ள நிறைய விட்டே தைக்கறேன்.

மாமா